லினக்சில் இயல்பிருப்பு உரைத்தொகுப்பி

லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பிருப்பு உரைத்தொகுப்பி என்பது, ஒரு நிரல் தன் பணியின் இடையே பயனரிடம் உரையை எழுதவோ திருத்தவோ கேட்கும்பொழுது தானாகத் திறக்கப்படும் உரைத்தொகுப்பி ஆகும். பயனர் தாமே ஒரு தொகுப்பியைப் பெயர் சொல்லித் திறப்பது வேறு. இங்கு அதைத் திறப்பது மற்றொரு நிரல். கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு மாற்றத்தைப் பதியும்போது குறிப்புரை எழுதத் திறப்பது, கிரான் எனும் நேர அட்டவணையைத் திருத்தக் கேட்டவுடன் திறப்பது, நிர்வாக உரிமைகளை வரையறுக்கும் கோப்பைத் திருத்த விசூடோ திறப்பது ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள்.

எந்தத் தொகுப்பி திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஒரே இடம் லினக்சில் இல்லை. சூழல் மாறிகள், வழங்கலின் மாற்றுத்தெரிவு முறை, பயனரின் முகப்பு அடைவில் உள்ள ஒரு சிறு கோப்பு, அந்தந்த நிரலின் சொந்த அமைவு, வரைகலைச் சூழலின் கோப்புவகைப் பட்டியல் எனப் பல அடுக்குகள் உள்ளன. ஓர் அடுக்கில் செய்த மாற்றம் மற்றோர் அடுக்கில் தெரியாது. "நேனோவைத் தெரிவு செய்தேன், ஆனாலும் விஐ திறக்கிறது" என்ற வகையிலான கேள்விகள் பெரும்பாலும் இதனாலேயே எழுகின்றன.

இக்கட்டுரையில் கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கணினியில் இடும்போது அவற்றை உரோம எழுத்துகளிலேயே இட வேண்டும்.

வரலாறு

யுனிக்சின் முதல் உரைத்தொகுப்பிகளுள் ஒன்றான எட், கென் தாம்சனால் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்டது. அக்காலத்தில் கணினியோடு தொடர்பு கொள்ளப் பயன்பட்ட கருவி பெரும்பாலும் தாளில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப் பொறியே. ஆகவே எட் உரையை வரிவரியாகவே கையாண்டது. கோப்பின் ஐந்தாம் வரியில் என்ன உள்ளது என அறிய வேண்டுமானால், அவ்வரியை அச்சிடுமாறு கட்டளையிட வேண்டும்.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், எக்ஸ் என்னும் வரித்தொகுப்பியை உருவாக்கினார். உரையை முழுத்திரையில் காட்டும் முறை ஒன்றையும் 1976இல் அதனுள் அமைத்தார். அம்முறைக்கு மாறுவதற்கான கட்டளையின் பெயர் விஷுவல் என்பதாகும். அதன் உரோம எழுத்துச் சுருக்கமே விஐ. ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லாமல் எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்து விசைகளின்மேல் பொறிக்கப்பட்டிருந்தன. விஐயில் இன்றும் அவ்வெழுத்துகளே நிலைகாட்டியை நகர்த்துவதற்குக் காரணம் இதுவே.

1979இல் வெளிவந்த யுனிக்சின் ஏழாம் பதிப்பு சூழல் மாறிகளை அறிமுகப்படுத்தியது. அதன் பின்னரே, பயனர் தம் விருப்பத்தை ஒருமுறை எழுதி வைக்க, எல்லா நிரல்களும் அதைப் படித்துக்கொள்ளும் வழக்கம் சாத்தியமாயிற்று. எடிட்டர், விஷுவல் என இரு மாறிகள் புழக்கத்துக்கு வந்தன. எட், எக்ஸ் போன்ற வரித்தொகுப்பியைக் குறிக்க எடிட்டர் என்பதும், விஐ போன்ற முழுத்திரைத் தொகுப்பியைக் குறிக்க விஷுவல் என்பதும் பயன்பட்டன. இவ்வேறுபாட்டின் எச்சத்தை மெயில்எக்ஸ் என்னும் அஞ்சல் நிரலில் இன்றும் காணலாம். அதில் அஞ்சல் எழுதும்போது அலைக்குறியை அடுத்து ஈ என இட்டால் எடிட்டர் மாறியில் உள்ள தொகுப்பியும், வி என இட்டால் விஷுவல் மாறியில் உள்ள தொகுப்பியும் திறக்கும். தாளில் அச்சிடும் முனையங்கள் மறைந்தபின் இவ்விரு பெயர்களுக்கும் இடையே பொருள் வேறுபாடு ஏறத்தாழ இல்லாது போயிற்று. எனினும் பெயர்கள் இரண்டும் நிலைத்துவிட்டன.

இயல்பிருப்பாகப் பரவலாக அமையும் மற்றொரு தொகுப்பியான நேனோவின் தோற்றம் உரிமச் சிக்கலில் தொடங்குகிறது. வாசிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய பைன் அஞ்சல் நிரலோடு பிக்கோ என்ற எளிய தொகுப்பி வந்தது. திரையின் அடியிலேயே விசைக்குறிப்புகள் காட்டப்பட்டதால் புதியவர்கள் அதை விரும்பினர். ஆயினும் அதன் உரிமம், மாற்றியமைத்த வடிவங்களைத் தடையின்றி வழங்க இடமளிக்கவில்லை. கட்டற்ற மென்பொருளை மட்டுமே தன் முதன்மைத் தொகுதியில் ஏற்கும் டெபியன் போன்ற வழங்கல்களுக்கு இது தடையாயிற்று. இதற்கு மாற்றாக 1999இல் கிறிஸ் அலெக்ரெட்டா எழுதிய நிரல் முதலில் டிப் எனப் பெயர் பெற்று, 2000இல் நேனோ எனப் பெயர் மாற்றப்பட்டது. 2001இல் குனூ திட்டத்தின் அங்கமாயிற்று.

பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம், விஐயின் விரிவாக்கப்பட்ட வடிவமாகும். இன்றைய பல லினக்ஸ் வழங்கல்களில் விஐ எனக் கட்டளையிட்டாலும் திறப்பது விம்மின் ஏதேனும் ஒரு வடிவமே. ரிச்சர்டு ஸ்டால்மனின் குனூ ஈமாக்ஸ் 1985 முதல் கிடைக்கிறது. அதன் பயனர்கள் பலராயினும், அதை இயல்பிருப்பாக நிறுவித் தரும் பொதுவான வழங்கல்கள் அரிது.

செயற்படும் முறை

ஒரு நிரல் தொகுப்பியை அழைக்கும்போது நிகழ்வது எளிது. முதலில் அது ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, திருத்த வேண்டிய உரையை அதில் இடுகிறது. பின் தொகுப்பியைத் தனிச் செயல்முறையாகத் தொடங்கி, அக்கோப்பின் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டு, தொகுப்பி முடியும்வரை காத்திருக்கிறது. தொகுப்பி முடிந்ததும் கோப்பை மீண்டும் படித்து, அதில் உள்ளதைப் பயன்படுத்திக்கொள்கிறது. அழைத்த நிரலுக்குத் தொகுப்பியின் உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. கோப்பில் இறுதியாக எஞ்சியுள்ள உரையும், தொகுப்பி விட்டுச்சென்ற வெளியேற்ற எண்ணும் மட்டுமே அதற்குத் தெரியும்.

வெளியேற்ற எண் சுழியமாக இருந்தால் பணி நல்லபடி முடிந்தது என்பது பொருள். வேறு எண்ணாயின் ஏதோ தவறு. இதைப் பயனர் தமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். கிட்டில் குறிப்புரை எழுதும் நடுவே மனம் மாறினால், விம்மில் முக்காற்புள்ளியை அடுத்து சி, க்யூ என இட்டு வெளியேறலாம். விம் வேண்டுமென்றே பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். கிட் அப்பதிவைக் கைவிடும். வெறுமனே சேமிக்காமல் வெளியேறினால், முந்தைய பதிவைத் திருத்தும் வேளையில் பழைய குறிப்புரை அப்படியே கோப்பில் இருப்பதால், கிட் பதிவைத் தொடர்ந்து செய்துவிடும். இவ்வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை.

சூழல் மாறிகளை அமைத்தல்

பாஷ் ஷெல்லைப் பயன்படுத்தும் ஒருவர், தம் முகப்பு அடைவில் உள்ள பாஷ்ஆர்சி என்னும் மறைகோப்பின் இறுதியில் கீழ்வரும் இரு வரிகளைச் சேர்க்கலாம்.

எக்ஸ்போர்ட் எடிட்டர்=நேனோ
எக்ஸ்போர்ட் விஷுவல்=நேனோ

மாறிகளின் பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்துகளில் இருத்தல் வேண்டும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி இருத்தல் கூடாது. இடைவெளி விட்டால் ஷெல் அதை மாறிக்கு மதிப்பு அளிப்பதாக எடுத்துக்கொள்ளாது. எக்ஸ்போர்ட் என்ற சொல் விடுபட்டால் மாறி அந்த ஷெல்லுக்குள் மட்டும் இருக்கும். அதிலிருந்து தொடங்கப்படும் நிரல்களுக்குச் செல்லாது. மாற்றம் புதிதாகத் திறக்கும் முனையங்களிலேயே நடைமுறைக்கு வரும். ஏற்கனவே திறந்துள்ள முனையத்தில் சோர்ஸ் என்ற கட்டளையால் அக்கோப்பை மறுபடி படிக்கச் செய்யலாம்.

இரண்டு மாறிகளையும் ஒரே மதிப்புக்கு அமைக்குமாறு பரிந்துரைப்பதற்குக் காரணம், நிரல்கள் இவற்றைப் பார்க்கும் வரிசையில் ஒற்றுமை இல்லாமையே. கிட் முதலில் தனக்கே உரிய கிட் எடிட்டர் என்ற சூழல் மாறியையும், அடுத்துத் தன் அமைவுக் கோப்பில் உள்ள கோர்.எடிட்டர் என்ற மதிப்பையும் பார்க்கும். அவை இல்லையெனில் விஷுவல், அதன்பின் எடிட்டர். எதுவும் இல்லையெனில் தொகுக்கப்பட்டபோது குறிக்கப்பட்ட தொகுப்பியை, பொதுவாக விஐயை, திறக்கும். சிஸ்டம்டியின் சேவைக் கோப்புகளைத் திருத்த உதவும் சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையோ, சிஸ்டம்டி எடிட்டர் என்ற தன் சொந்த மாறிக்கு அடுத்தபடியாக எடிட்டரையும், அதற்குப் பின்னரே விஷுவலையும் பார்க்கும். பாஷில் கட்டளை வரியையே ஒரு தொகுப்பியில் திறக்கும் விசைச்சேர்க்கை ஒன்று உண்டு: கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ், தொடர்ந்து கன்ட்ரோல் விசையுடன் ஈ. அது விஷுவல், எடிட்டர், ஈமாக்ஸ் என்ற வரிசையைப் பின்பற்றும். ஒரு மாறியில் விம்மும் மற்றொன்றில் நேனோவும் இருந்தால், எந்த நிரலில் எது திறக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பது கடினம்.

போசிக்ஸ் தரம் கிரான்டேப் கட்டளைக்கு எடிட்டர் மாறியையும், அது இல்லாதபோது விஐயையும் குறிக்கிறது. சிறிய வழங்கல்களிலும் விஐ இருக்கும் என நம்பலாம் என்ற வழக்கத்துக்கு இத்தகைய தரவிதிகளே அடிப்படை.

இசட்எஸ்எச் எனப்படும் இசட் ஷெல்லைப் பயன்படுத்துவோர் ஒரு பக்கவிளைவை அறிந்திருத்தல் நன்று. 5.9 உள்ளிட்ட அதன் பதிப்புகளில், ஷெல் தொடங்கும்போது இவ்விரு மாறிகளில் ஏதேனும் ஒன்றில் விஐ என்ற எழுத்துத்தொடர் இருந்தால், கட்டளை வரியின் விசையமைப்பே விஐ முறைக்கு மாறிவிடும். தொகுப்பியை விம்முக்கு மாற்றிய மறுநாள் கன்ட்ரோல், ஏ விசைகள் வரியின் தொடக்கத்துக்குச் செல்லவில்லையே என வியப்பவர்கள் இதையே எதிர்கொள்கின்றனர். பைண்ட்கீ கட்டளையால் ஈமாக்ஸ் விசையமைப்பை மீளப் பெறலாம்.

டெபியன், உபுண்டு வழங்கல்களில்

டெபியனின் கொள்கை ஆவணம், தொகுப்பியை அழைக்கும் எந்த நிரலும் பயனரின் சூழல் மாறியை மதிக்க வேண்டும் எனவும், மாறி அமைக்கப்படவில்லையெனில் யூஎஸ்ஆர் அடைவின் பின் உள்ளடைவில் உள்ள எடிட்டர் என்ற கட்டளையை இயக்க வேண்டும் எனவும் கூறுகிறது. இந்த எடிட்டர் உண்மையில் ஒரு நிரல் அன்று. ஒரு குறியீட்டு இணைப்பு. அது ஈடிசி அடைவில் உள்ள ஆல்டர்னேட்டிவ்ஸ் என்னும் உள்ளடைவில் இருக்கும் மற்றோர் இணைப்பைச் சுட்டும். அவ்விணைப்பு மெய்யான தொகுப்பியைச் சுட்டும். ஒவ்வொரு நிரலின் அமைவுக் கோப்பையும் தொடாமல், நடுவில் உள்ள ஓர் இணைப்பை மட்டும் மாற்றினால் கணினி முழுவதற்குமான இயல்பிருப்பு மாறிவிடுகிறது.

இவ்விணைப்புகளை ஆள்வது அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்னும் கட்டளை. ஒவ்வொரு தொகுப்பியின் பொதியும் நிறுவப்படும்போது தனக்கென ஒரு முன்னுரிமை எண்ணைப் பதிந்துகொள்கிறது. நேனோவுக்கு 40, வழக்கமான விம் பொதிக்கு 30, எட் தொகுப்பிக்கு -100. தானியங்கு நிலையில் மிகுதியான எண் உடையதே தெரிவாகும். ஆகவே உபுண்டுவில் விம்மைப் புதிதாக நிறுவினாலும் இயல்பிருப்பு நேனோவாகவே தொடரும். நேனோவை நீக்கினால்தான் விம் அவ்விடத்துக்கு வரும். எட் தொகுப்பிக்கு எதிர்ம எண் தரப்பட்டிருப்பது, வேறு எதுவும் இல்லாத நிலையில் மட்டுமே அது திறக்க வேண்டும் என்பதற்காகும்.

நிர்வாகி தாமே தெரிவு செய்ய விரும்பினால், சூடோ துணையுடன் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையை கான்ஃபிக் என்னும் விருப்பத்தேர்வோடும் எடிட்டர் என்னும் பெயரோடும் இட வேண்டும். எண்ணிட்ட பட்டியல் ஒன்று தோன்றும். எண்ணை இட்டவுடன் அத்தெரிவு கைமுறை நிலைக்கு மாறும். அதன்பின் எந்தப் பொதியை நிறுவினாலும் அது தானாக மாறாது. மீண்டும் தானியங்கு நிலைக்குத் திரும்ப ஆட்டோ என்ற விருப்பத்தேர்வு உள்ளது.

இது கணினியின் எல்லாப் பயனர்களையும் தொடும் மாற்றம் என்பதை மறத்தல் ஆகாது. பலர் பயன்படுத்தும் கல்லூரிக் கணினியிலோ வழங்கியிலோ ஒருவர் தம் வசதிக்காக இதை மாற்றுவது முறையன்று. அத்தகைய இடங்களில் செலக்ட்-எடிட்டர் என்னும் கட்டளை பொருத்தமானது. இதற்கு நிர்வாக உரிமை தேவையில்லை. இது தெரிவை முகப்பு அடைவில் செலக்டட்_எடிட்டர் என்ற மறைகோப்பில் எழுதி வைக்கும். சென்சிபிள்-எடிட்டர் என்னும் இடைநிலை நிரல், சூழல் மாறிகள் இல்லாதபோது அக்கோப்பைப் படித்து, அதுவும் இல்லையெனில் கணினியின் பொது இயல்பிருப்புக்குச் செல்லும். உபுண்டுவில் முதன்முறை கிரான் அட்டவணையைத் திருத்தும்போது எந்தத் தொகுப்பி வேண்டும் எனக் கேட்டு, நேனோவின் எதிரே மிக எளிது என அம்புக்குறியிட்டுக் காட்டும் பட்டியல் இதுவே. சூழல் மாறியைப் படிக்கும் ஆனால் சென்சிபிள்-எடிட்டரை அறியாத நிரல்கள் இக்கோப்பைப் பொருட்படுத்தா.

உபுண்டுவில் விஐ எனும் கட்டளை, முழு விம் நிறுவப்படாத நிலையில், அதன் மிகச் சிறிய வடிவத்தைத் திறக்கிறது. இவ்வடிவம் பழைய விஐயோடு ஒத்திசையும் முறையில் தொடங்குவதால், உரை எழுதும் நிலையில் அம்புக்குறி விசைகளை அழுத்தினால் நிலைகாட்டி நகராது. ஏ, பி, சி, டி ஆகிய எழுத்துகள் கோப்பினுள் விழும். விசைப்பலகை பழுது எனப் பலர் எண்ணும் இது, முழு விம் பொதியை நிறுவினால் தீர்ந்துவிடும்.

பிற வழங்கல்களில்

ஃபெடோராவில் நெடுங்காலம் விஐயே இயல்பிருப்பாக இருந்தது. 2020 அக்டோபரில் வெளியான ஃபெடோரா 33இல் அது நேனோவுக்கு மாறியது. ஈடிசி அடைவில் உள்ள புரொஃபைல்.டி உள்ளடைவில் எடிட்டர் மாறியை நேனோ என அமைக்கும் ஒரு சிறு கோப்பை, தனிப் பொதி ஒன்று இடுகிறது. டெபியனில் இணைப்பு செய்வதை இங்குச் சூழல் மாறி செய்கிறது. விம் விரும்புவோர் அதற்கு இணையான விம் பொதியை மாற்றி நிறுவிக்கொள்ளலாம். ஜென்டூவில் இசெலக்ட் என்னும் கருவியின் எடிட்டர் பகுதி இப்பணியைச் செய்கிறது.

ஃபெடோராவின் மாற்றத்துக்குக் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. விஐயை அறியாதவர் அதிலிருந்து வெளியேறவே திணறுவர். விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என 2012இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்கப்பட்ட கேள்வியை 10 இலட்சம் முறைக்கு மேல் மக்கள் பார்த்துள்ளதாக அத்தளமே 2017இல் அறிவித்தது. மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேற, எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, வியப்புக்குறி ஆகியவற்றை இட்டு என்டர் விசையை அழுத்த வேண்டும். நேனோவில் இதற்குக் கன்ட்ரோல், எக்ஸ் விசைகள் போதும். அதுவும் திரையின் அடியில் எழுதப்பட்டிருக்கும். புதியவருக்கு நேனோவும், நாள்தோறும் உரையோடு உழல்பவருக்கு அவர் பழகிய தொகுப்பியும் ஏற்றவை என்பதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. ஆயினும் இணைய மன்றங்களில் அவ்விவாதம் ஓய்ந்ததில்லை.

வரைகலைத் தொகுப்பிகளும் காத்திருத்தலும்

எடிட்டர் மாறியில் வரைகலைத் தொகுப்பி ஒன்றின் பெயரை இடுவதற்குத் தடையில்லை. ஆனால் மேலே விளக்கியபடி, அழைத்த நிரல் தொகுப்பி முடியும்வரை காத்திருக்கும். வரைகலைத் தொகுப்பிகள் பல, ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கும் தம் சாளரத்துக்குக் கோப்பின் பெயரை அனுப்பிவிட்டு உடனே முடிந்துவிடும். கிட்டின் பார்வையில் தொகுப்பி ஒரு நொடியில் திறந்து மூடப்பட்டது. குறிப்புரையோ வெறுமையாக உள்ளது. ஆகவே வெற்றுக் குறிப்புரை எனக் கூறிப் பதிவைக் கைவிடும். பயனரோ இன்னும் திறந்திருக்கும் சாளரத்தில் நிதானமாக எழுதிச் சேமித்துக்கொண்டிருப்பார். அவர் எழுதியது எங்கும் போய்ச் சேராது.

இதற்காகவே இத்தொகுப்பிகள் காத்திருக்கும் விருப்பத்தேர்வு ஒன்றைத் தருகின்றன. விஷுவல் ஸ்டுடியோ கோடிலும் ஜிஎடிட்டிலும் அது வெயிட் எனப்படும். கேட் தொகுப்பியில் பிளாக் எனப்படும். ஜிவிம்மைப் பொறுத்தவரை எஃப் என்ற விருப்பத்தேர்வு அதை முன்னணியிலேயே நிறுத்தி வைக்கும். ஈமாக்ஸ்கிளையண்ட் இயல்பாகவே காத்திருக்கும். மாறியின் மதிப்பில் கட்டளையோடு இவ்விருப்பத்தேர்வும் சேர்வதால் நடுவே இடைவெளி வரும். ஆகவே முழு மதிப்பையும் மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும். கிட் இம்மதிப்பை ஷெல் வழியாக இயக்குவதால் இடைவெளியைச் சரியாகப் புரிந்துகொள்ளும். மதிப்பு முழுவதையும் ஒரே கோப்புப் பெயராகக் கருதி, அப்படியொரு கட்டளை இல்லை எனக் கூறும் நிரல்களும் உண்டு. எனவே வரைகலைத் தொகுப்பியை கிட்டின் கோர்.எடிட்டர் மதிப்பில் மட்டும் அமைத்து, பொதுவான மாறிகளில் முனையத்தில் இயங்கும் தொகுப்பியை விடுவதே சிக்கல் குறைந்த வழி. தொலைவில் உள்ள வழங்கியில் எஸ்எஸ்எச் மூலம் நுழையும்போது பெரும்பாலும் வரைகலைச் சாளரம் திறக்கவே வழியிராது என்பதும் இதற்கு மற்றொரு காரணம். எஸ்எஸ்எச் தனியே அமைக்கப்பட்டாலன்றி இம்மாறிகளைத் தொலைக்கணினிக்குக் கொண்டுசெல்லாது. அங்கு உள்ள அமைவே செல்லும்.

நிர்வாக உரிமையும் பாதுகாப்பும்

சூடோ வழியாக ஒரு கட்டளையை இயக்கும்போது பயனரின் சூழல் மாறிகளில் பெரும்பாலானவை களையப்படுகின்றன. இதனால் தம் கணக்கில் விம்மை அமைத்த ஒருவர் சூடோவுடன் கிரான் அட்டவணையைத் திறந்தால் நேனோ திறக்கக்கூடும். இது வழு அன்று. ரூட் உரிமையோடு இயங்கும் நிரல், சாதாரணப் பயனர் எழுதி வைத்த மாறியின் சொற்படி எதையும் இயக்குவது ஆபத்தானது என்பதால் எடுக்கப்பட்ட முடிவு. டெபியனின் சூடோயர்ஸ் கோப்பில் எடிட்டர் மாறியைத் தக்கவைக்கும் வரி ஒன்று செயலிழந்த குறிப்பாகவே தரப்பட்டுள்ளது. வேண்டும் நிர்வாகி அதைச் செயற்படுத்திக்கொள்ளலாம்.

சூடோயர்ஸ் கோப்பை நேரடியாக எந்தத் தொகுப்பியிலும் திறத்தல் கூடாது. யாருக்கு நிர்வாக உரிமை உண்டு என்பதை வரையறுக்கும் கோப்பு அதுவே. ஒரு காற்புள்ளி தவறினாலும் நிர்வாக உரிமை பெறும் வழியே அடைபட்டு, பிழையைத் திருத்தத் தேவையான உரிமையும் கிட்டாமற் போகலாம். விசூடோ இதைத் தவிர்க்கிறது. அது ஒரே நேரத்தில் இருவர் திருத்தாதவாறு கோப்பைப் பூட்டி, ஒரு படியைத் தொகுப்பியில் திறந்து, தொகுப்பி முடிந்தபின் இலக்கணத்தைச் சரிபார்த்து, பிழையில்லை எனில் மட்டுமே மூலக் கோப்பை மாற்றும். பிழை இருந்தால் மீண்டும் திருத்தவா, கைவிடவா எனக் கேட்கும். கைவிடுவதே அஞ்சத்தேவையில்லாத விடை.

பிற கணினிக் கோப்புகளுக்கு சூடோஎடிட் ஏற்றது. தொகுப்பியையே ரூட் உரிமையில் திறந்தால், தொகுப்பியின் உள்ளிருந்து எந்தக் கட்டளையையும் அவ்வுரிமையோடு இயக்கிவிடலாம். விம் போன்றவை அதற்கு வழி தருகின்றன. சூடோஎடிட் கோப்பின் படியை மட்டும் எடுத்து, தொகுப்பியைப் பயனரின் சொந்த உரிமையில் இயக்கி, முடிந்தபின் படியைத் திரும்ப எழுதுகிறது. பயனரின் அமைவுக் கோப்புகளும் அப்படியே பயன்படும். தொகுப்பியைத் தெரிவு செய்ய சூடோ எடிட்டர், விஷுவல், எடிட்டர் ஆகிய மாறிகளை இவ்வரிசையில் பார்க்கும்.

இம்மாறிகளே ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கும் வாயிலாயின. 2023 சனவரியில் வெளியிடப்பட்ட சிவிஇ-2023-22809 என்னும் வழு, சூடோவின் 1.8.0 முதல் 1.9.12பி1 வரையிலான பதிப்புகளைப் பாதித்தது. தொகுப்பியின் விருப்பத்தேர்வுகளையும் திருத்த வேண்டிய கோப்புகளையும் பிரித்தறிய சூடோ இரட்டை இடைக்கோட்டைப் பயன்படுத்தியது. பயனர் தம் எடிட்டர் மாறியின் உள்ளேயே இரட்டை இடைக்கோட்டையும் அதனை அடுத்து வேறொரு கோப்பின் பெயரையும் எழுதி வைத்தால், அக்கோப்பும் திருத்த அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. ஒரே ஒரு கோப்பைத் திருத்த மட்டும் உரிமை பெற்றவர், இவ்வழியே கடவுச்சொற் கோப்பு உட்பட எதையும் திருத்த முடிந்தது. 1.9.12பி2 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. பழைய பதிப்பை மேம்படுத்த இயலாதோர், சூடோஎடிட்டுக்கு இம்மூன்று மாறிகளையும் நீக்குமாறு சூடோயர்ஸ் கோப்பில் அமைத்துத் தற்காத்துக்கொள்ள வழி கூறப்பட்டது.

வரைகலைச் சூழலில்

கோப்பு மேலாளரில் ஓர் உரைக்கோப்பை இருமுறை சொடுக்கும்போது மேற்கூறிய மாறிகளோ இணைப்புகளோ பார்க்கப்படுவதில்லை. அங்குக் கோப்பின் மைம் வகையே முடிவு செய்கிறது. சாதாரண உரைக்கோப்பின் வகை டெக்ஸ்ட்/பிளெயின் ஆகும். எவ்வகையை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்பது முகப்பு அடைவின் கான்ஃபிக் மறையடைவில் உள்ள மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்னும் கோப்பில் பதியப்படும். கோப்பின் பண்புகள் சாளரத்திலிருந்தோ, எக்ஸ்டிஜி-மைம் கட்டளையாலோ இதை மாற்றலாம். க்னோம் சூழலில் நெடுங்காலம் இவ்விடத்தில் இருந்தது ஜிஎடிட். 2022 மார்ச்சில் வெளியான க்னோம் 42இல் க்னோம் டெக்ஸ்ட் எடிட்டர் அதன் இடத்தைப் பெற்றது.

நிரல்மூலக் கோப்புகளுக்கு வேறு மைம் வகைகள் உண்டு என்பதால், டெக்ஸ்ட்/பிளெயின் வகைக்கு மட்டும் தொகுப்பியை மாற்றினால் பைத்தான் கோப்பு பழைய தொகுப்பியிலேயே திறக்கக்கூடும்.

தமிழ் உரையும் தொகுப்பித் தெரிவும்

நேனோ, விம் இரண்டும் யூடிஎஃப்-8 குறிமுறையை ஆதரிப்பதால் தமிழ் உரையைப் பிழையின்றிச் சேமிக்கும். இடர் காட்சியில்தான் உள்ளது. முனையம் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் சம அகலமுள்ள கட்டங்களை ஒதுக்கும் அமைப்பு உடையது. தமிழிலோ ஙு, ணை, மௌ என எழுத்துகளின் அகலம் வேறுபடும். மேலும் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் கோப்பில் மெய்யை அடுத்துச் சேமிக்கப்பட்டாலும், திரையில் மெய்க்கு முன்னே தோன்ற வேண்டும். இவ்விட மாற்றத்தை அறியாத முனையங்களில் குறிகள் பிரிந்து நிற்கும். யூனிகோடு அட்டவணையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் கொள்ளாக் குறிகளாகவும், ஆகார, இகரக் குறிகள் போன்றவை இடம் கொள்ளும் குறிகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. இதனால் தொகுப்பி கணிக்கும் அகலமும் முனையம் வரையும் அகலமும் ஒத்துவராதபோது, நிலைகாட்டி ஓரிடத்தில் தெரிய, எழுத்து வேறிடத்தில் அழியும்.

க்னோம், கேடிஈ சூழல்களின் வரைகலைத் தொகுப்பிகள் எழுத்துக்கோப்புக்கு ஹார்ஃப்பஸ் நிரலகத்தைப் பயன்படுத்துவதால் இவ்விடர் அவற்றில் இல்லை. கிட் குறிப்புரைகளையோ மொழிபெயர்ப்புக் கோப்புகளையோ தமிழில் எழுதுவோர் கோர்.எடிட்டர் மதிப்பில் ஜிஎடிட்டையோ கேட்டையோ காத்திருக்கும் விருப்பத்தேர்வுடன் அமைத்துக்கொள்வது பயனுடையது. முனையத்திலேயே எழுத வேண்டிய நிலையில், முதலில் லோகேல் கட்டளையை இட்டு மொழியமைவு யூடிஎஃப்-8 ஆக உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். அது சி அல்லது போசிக்ஸ் என இருந்தால் தொகுப்பி எதுவாயினும் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளோ எண்களோ தோன்றக்கூடும்.